தோட்டாவுக்குள் இலவம் பஞ்சு

இலவம் பஞ்சு எதற்கு உதவும் என்று கேட்டால் தலையணைக்கு, மெத்தைக்கு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். போடிப் பக்கத்து நண்பர்கள் என்றால் காய் உடைப்பதில் தொடங்கிக் கொட்டை பிரிப்பது வரை விளக்கியே விடுவார்கள். ஆனால் யானையை வீழ்த்தும் துப்பாக்கியின் தோட்டாவுக்குள்ளும் அதே பஞ்சைக் கிள்ளி வைக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் சாதாரணத் துப்பாக்கி இல்லை. நூறு வருடங்களுக்கு முன் லண்டனில் கையால் செய்து, இன்று ஒரு நல்ல கார் வாங்கும் விலைக்குப் போகும் துப்பாக்கி!

அந்தப் பஞ்சு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. துப்பாக்கிப் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். நானும் என்.சி.சி.யில் .22 ரைஃபிளைச் சில தடவை சுட்டதோடு சரி. ஒரு வேதியியல் கண்டுபிடிப்பு, ஒரு காப்புரிமை வழக்கு, ஆங்கிலேய அரசின் ஒரு பயம், இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்த இரண்டு இரும்புக் குழல்கள்... இவை எல்லாம் சேர்ந்து தோட்டாவுக்குள் ஒரு காலி இடத்தை உண்டாக்கிவிட்டன. அந்தக் காலி இடத்தை என்ன போட்டு நிரப்புவது என்பதில்தான் கதையே இருக்கிறது.

முதலில் இரட்டைக் குழல் ரைஃபிள் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊர் வீடுகளில் பழைய படங்களில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி வேறு; அது சிறு சிறு ஈய உருண்டைகளைச் சிதறவிடுவது. இது ஒரே ஒரு பெரிய குண்டைச் சுழலவிட்டு அனுப்பும் ரைஃபிள். ஆனால் குழல் இரண்டு, விசை இரண்டு, உள்ளிருக்கும் இயந்திரமும் இரண்டு. அதாவது ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கிகள். யானையோ காட்டெருமையோ பாய்ந்து வரும்போது, ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் போதும். இரண்டாவது குண்டு உடனே கிளம்பிவிடும். இந்த ஒரு நொடிக்காகத்தான் அவ்வளவு காசு.

தோட்டாவில் இருப்பது நான்கே பொருள். பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி குத்தினால் பொறி தட்டும் கேப் (தீபாவளிப் பொட்டு வெடியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்), கூட்டுக்குள் மருந்து, வாயில் குண்டு. சுட்டு முடித்தாலும் பித்தளைக் கூடு கெடாது. அதை எடுத்துக் கேப்பை மாற்றி, மருந்து நிரப்பி, புதுக் குண்டைப் பொருத்தி மறுபடி சுடலாம். மேல்நாடுகளில் பலர் வீட்டு மேசையிலேயே இதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆகவே இதைச் சமையல் குறிப்பாகப் படிக்க வேண்டாம், வரலாறாகப் படியுங்கள். எத்தனை அளவு எந்த மருந்து என்ற கணக்கு எதையும் நான் தரப் போவதில்லை.

துப்பாக்கியில் மருந்து போடுவதற்குத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது: கெட்டித்தல். கருமருந்துக் காலத்துச் சொல் அது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறக்குறைய 75, 15, 10 என்ற விகிதத்தில் கலந்ததுதான் கருமருந்து. இதைக் குழலுக்குள் கொட்டி, மேலே தக்கை வைத்து, குண்டை இறக்கி, கம்பியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது. இருந்தால் குழல் அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும், சில சமயம் கிழியும். இது எல்லா நாட்டு வேட்டைக்காரனுக்கும் தெரிந்த பாலபாடம். இறுக்கமாகக் கெட்டிப்பது கருமருந்துக்கு ஒரு விதி என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கருமருந்துக்கு வலு குறைவு. ஆகவே பெரிய மிருகம் என்றால் பெரிய குண்டு, நிறைய மருந்து, இதுதான் ஒரே வழி. 1848 முதல் 1855 வரை இலங்கையில் நுவரெலியாவில் குடியிருந்து யானைகளைச் சுட்டுத் தள்ளிய சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்கா போனபோது அரை ராத்தல் எடையுள்ள குண்டு போடும் துப்பாக்கி ஒன்றை எடுத்துப் போனார். அவர் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பேபி'. அங்கிருந்த அரபு ஆட்களோ அதைப் பீரங்கியின் பிள்ளை என்று அழைத்தார்கள். சுட்டால் அவரையே சுழற்றிவிடுமாம். (அத்தனை யானைகளை எதற்காகக் கொன்றார்கள் என்று கேட்டால் பெருமைக்காக, தந்தத்துக்காக, பொழுதுபோக்குக்காக என்றுதான் பதில் வரும். இந்தத் துப்பாக்கிகளின் அழகைப் பற்றி எழுதும் புத்தகங்களில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.)

அடுத்து வந்தது வேகம். 1856-ல் ஜேம்ஸ் பர்டி என்ற லண்டன் துப்பாக்கிக்காரர், சிறிய குண்டுக்கு நிறைய மருந்து போட்டு வேகமாக அனுப்பும் ரைஃபிளைச் செய்து அதற்கு 'எக்ஸ்பிரஸ் டிரெயின்' என்று பெயர் சூட்டினார். அன்றைக்கு ரயிலைவிட வேகமான பொருள் ஏது? அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பித்தளைக் கூடு வந்த பிறகு எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் நீண்டுகொண்டே போயின. .450 எக்ஸ்பிரஸ் தோட்டாவின் ஒரு வகையில் கூடு மட்டும் மூணேகால் அங்குல நீளம். அதற்குள் போடும் கருமருந்து 120 கிரெய்ன். கிரெய்ன் என்பது நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. 120 கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட ஒரு சவரன் எடை. அவ்வளவு மருந்தைக் கொள்ளத்தான் அத்தனை நீளக் கூடு. காலி இடம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்த நிலையில்தான் புகையில்லா மருந்து வந்தது. 1884-ல் பிரான்சில் பால் வியேல் முதலில் செய்து காட்டினார். 1887-ல் ஆல்பிரெட் நோபல் (ஆமாம், பரிசு புகழ் நோபல்தான்) தன் பங்குக்குப் பாலிஸ்டைட் என்ற மருந்தைக் கொண்டு வந்தார். பிரிட்டிஷ் அரசு இதை ஆராய ஒரு குழு போட்டது. குழுவில் இருந்த பிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் நோபலிடம் விவரம் கேட்டு வாங்கிக்கொண்டே, 1889-ல் தாங்களும் ஒரு மருந்தைச் செய்துவிட்டார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. நோபல் கொதித்துப்போய் வழக்குத் தொடுத்தார். ஆனால் அவருடைய காப்புரிமை, கரையும் வகை வெடிபஞ்சு என்று குறிப்பிட்டிருந்தது; இவர்கள் போட்டதோ கரையாத வகை. அந்த ஒரு சொல்லில் 1895-ல் பிரபுக்கள் சபை வரை போய் நோபல் தோற்றார்! வாசலினுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. குழலுக்கு வழவழப்புத் தரும் என்று நினைத்துச் சேர்த்தார்கள். அது மருந்து கெடாமல் காக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த மருந்தைப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல் அச்சில் பிழிந்து, கயிறு கயிறாக எடுத்தார்கள். கயிறு என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்குக் கார்டைட் என்ற பெயர் வந்தது. நீலகிரி ரயிலில் போனவர்கள் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1904-ல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி இந்த மருந்தின் பெயரைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது.

கார்டைட்டுக்குக் கருமருந்தைவிடப் பலமடங்கு வலு. புகை கிடையாது. ராணுவத்தின் .303 தோட்டாவுக்காகச் செய்த இதை யானைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்தவர் ஜான் ரிக்பி. என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையை 1887 முதல் 1894 வரை நடத்தியவர், ஆகவே கார்டைட்டின் குணம் அவருக்கு அத்துபடி. 1898-ல் அவர் பழைய .450 எக்ஸ்பிரஸின் அதே மூணேகால் அங்குலக் கூட்டை எடுத்தார். உள்ளே 70 கிரெய்ன் கார்டைட், வாயில் 480 கிரெய்ன் குண்டு. குண்டு நொடிக்கு 2150 அடி வேகத்தில் பறந்தது. .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிறந்தது இப்படித்தான். நைட்ரோகிளிசரினின் நைட்ரோவும் ரயிலின் எக்ஸ்பிரஸும் சேர்ந்த பெயர்!

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு சவரன் மருந்து இருந்த கூட்டில் அரைச் சவரனுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. மீதி இடம்? காற்று. கருமருந்துக்காரனின் முதல் விதி அங்கேயே உடைந்துபோனது.

கூட்டைச் சுருக்கியிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதை வேண்டுமென்றே செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. இரட்டைக் குழல் ரைஃபிள் நடுவில் மடிந்து திறப்பது; அதன் கீலும் பூட்டும் மிக அதிக அழுத்தத்தைத் தாங்காது. பெரிய கூட்டுக்குள் வெடித்தால் வாயுவுக்கு விரிய இடம் கிடைக்கிறது, அழுத்தம் தணிகிறது. அழுத்தம் கூடினால் பித்தளைக் கூடு குழலில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. யானை முன்னால் நிற்கும்போது அது நடந்தால் கதை முடிந்தது. ஆகவே காலி இடத்தை ஒரு பாதுகாப்பாகவே விட்டுவைத்தார்கள்.

கார்டைட்டுக்கு அந்த இடம் பெரிய தொல்லையாக இருக்கவும் இல்லை. அது தூள் இல்லையே, நீள நீளக் கம்பிகள். கூட்டின் அடியிலிருந்து மேல்வரை சேமியாக் கட்டு போல நிற்கும். துப்பாக்கியை எப்படிச் சாய்த்தாலும் ஒரு பக்கமாகக் குவியாது. .303-ல் இந்தக் கட்டை முதலில் கூட்டுக்குள் வைத்து, அதன்மேல் ஓர் அட்டைத் தக்கையும் போட்டு, அதற்குப் பிறகுதான் கூட்டின் கழுத்தையே குறுக்கினார்கள்.

சரி, அடுத்த சிக்கல் குழல்களில்.

இரண்டு குழல்களையும் இணைகோடு போல ஒட்டினால் போதும் என்றுதானே நினைப்போம்? அப்படி ஒட்டினால் ஒரு குண்டும் குறியில் விழாது. வலது குழலைச் சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைப்பதோடு மேலேயும் வலப் பக்கமாகவும் திரும்புகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்தத் திரும்பல் தொடங்கிவிடும். இடது குழலுக்கு நேர் எதிர். இதைச் சரிக்கட்ட இரு குழல்களையும் முன்பக்கம் கொஞ்சம் உள்நோக்கிச் சாய்த்துப் பற்றவைப்பார்கள். எவ்வளவு சாய்ப்பது? அதற்குச் சூத்திரம் கிடையாது. ஒருவர் சுட்டுப் பார்ப்பார், குழல் முனையைச் சூடாக்கிப் பற்றை இளக்குவார், நடுவிலுள்ள ஆப்பைத் துளி நகர்த்துவார், மறுபடி பற்றவைப்பார், மறுபடி சுடுவார். இரண்டு குழலின் குண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் விழும்வரை இதே வேலை. லண்டன் துப்பாக்கிப் பட்டறைகளில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். துப்பாக்கியின் விலையில் பெரிய பங்கு இந்தப் பொறுமைக்குத்தான்.

இதன் விளைவு என்ன என்று யோசியுங்கள். அந்தச் சாய்வு ஒரே ஒரு எடைக் குண்டுக்கும் ஒரே ஒரு வேகத்துக்கும் மட்டும் பொருந்தும். குண்டு மெதுவாகப் போனால் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது. அதற்குள் துப்பாக்கி அதிகம் திரும்பிவிடும். வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் விலகும். வேகம் கூடினால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மற்றத் துப்பாக்கியில் இப்படி நடந்தால் குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்யலாம். இதில் பற்றவைத்தது பற்றவைத்ததுதான். அதனால்தான் பல துப்பாக்கிகளில் குழலின் அடியிலேயே எத்தனை கிரெய்ன் கார்டைட், எத்தனை கிரெய்ன் குண்டு என்று பொறித்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி, இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா என்று நிச்சயித்தாகிவிட்டது!

அந்த நிச்சயத்தில் வெயில் வந்து மண்ணைப் போட்டது. இங்கிலாந்தின் குளிரில் சரிபார்த்த துப்பாக்கி, இந்தியாவின் மே மாதத்துக்கு வந்ததும் வேறு மாதிரி நடந்துகொண்டது. சூடேறிய கார்டைட் அழுத்தத்தைக் கூட்டும். சுட்ட கூடுகள் ஒட்டிக்கொண்டன. ஆகவே கைனாக் போன்ற தோட்டாக் கம்பெனிகள் மருந்தைச் சில கிரெய்ன் குறைத்து வெப்ப நாட்டுத் தோட்டா என்று தனியாக விற்றன. குமாவோனில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப்போன ஜிம் கார்பெட் வைத்திருந்த .450/400 ரகத்திலும் இந்த இரண்டு அளவுகளும் உண்டு. மருந்து குறைந்தால் காலி இடம் இன்னும் கூடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 1907. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த (அல்லது மிகவும் எரிச்சல் தந்த) பகுதி இதுதான். அந்த வருடம் இந்தியாவிலும் சூடானிலும் .450 ரகத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. துரைமார்களின் யானைத் துப்பாக்கிக்கே தடையா? ஆமாம். காரணம் வேறொரு துப்பாக்கி. 1871 முதல் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த மார்ட்டினி ஹென்றியின் குண்டும் .450 அளவு, அதுவும் 480 கிரெய்ன். ராணுவம் அதைக் கைவிட்ட பிறகும் ஆயிரக்கணக்கான மார்ட்டினிகள் வடமேற்கு எல்லையில் பழங்குடியினர் கைகளிலும், மஹ்தி எழுச்சி கண்ட சூடானிலும் கிடந்தன. வேட்டைத் தோட்டாவை உடைத்தால் குண்டு கிடைக்கும், அது தங்கள் சிப்பாய் மேலேயே பாயும் என்ற பயம். 1878 ஆயுதச் சட்டம் போட்டு இந்தியன் கையில் துப்பாக்கி இல்லாமல் செய்த அரசுக்கு, தன் ஆட்களின் வேட்டைப் பெட்டியைப் பார்த்தும் பயம் வந்துவிட்டது.

விளைவு வேடிக்கையானது. இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத துப்பாக்கிக் கம்பெனிகள் ஆளுக்கொரு புது அளவைக் கொண்டுவந்தன. ஹாலந்து அண்டு ஹாலந்து .500/465 என்றது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 என்றது. .475, அதில் இரண்டாம் நம்பர் என்று வேறு ஒன்று. ஜோசப் லாங்கின் .470 மட்டும் எல்லோரும் செய்யலாம் என்று திறந்துவிடப்பட்டதால் அதுவே பரவலானது; கடைசியில் .450-ஐப் பெற்ற ரிக்பியே .470 துப்பாக்கிகளைச் செய்தார். செய்யும் வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அளவுகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு அண்ணனுக்கு வாங்கிய செருப்பு தம்பிக்குச் சேராத கதை.

அரை நூற்றாண்டு கழித்து இதன் வட்டி வந்து சேர்ந்தது. இந்தியா விடுதலை பெற்றது, ஆப்பிரிக்கக் காலனிகள் ஒவ்வொன்றாக விடுபட்டன, வாடிக்கையாளர்கள் கப்பலேறிவிட்டார்கள். பத்துப் பதினைந்து விதத் தோட்டாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது கட்டுப்படியாகவில்லை. 1960-களில் கைனாக் இந்தப் பெரிய தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 1972-ல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1977-ல் கென்யா வேட்டையையே தடைசெய்தது. இவை வந்திருக்க வேண்டிய சட்டங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கிகள் மட்டும் அப்படியே இருந்தன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று அலமாரிகளில் கிடந்த அவற்றுக்குத் தோட்டா கிடைக்காமல் போனது. வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் இருந்தவர்களும், சும்மா காகிதத்தில் குறிபார்க்க விரும்பியவர்களும் தாங்களே நிரப்பிக்கொள்ள இறங்கினார்கள்.

முதல் தடை கேப்பிலேயே. தோட்டாக் கேப்பில் இரண்டு முறை உண்டு. ஒன்று பாக்ஸர் முறை, கண்டுபிடித்தவர் எட்வர்டு பாக்ஸர் என்ற ஆங்கிலேயர். மற்றொன்று பெர்டான் முறை, கண்டுபிடித்தவர் ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர். பாக்ஸர் கூட்டில் நடுவில் ஒரே துளை, கம்பியால் தட்டினால் பழைய கேப் விழுந்துவிடும். பெர்டானில் ஓரமாக இரண்டு சிறு துளைகள், பழைய கேப்பை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விதியைப் பாருங்கள்: அமெரிக்கர்கள் ஆங்கிலேயர் முறையை எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயக் கைனாக் அமெரிக்கர் முறையைப் பிடித்துக்கொண்டது! ஆகவே புதுப் பித்தளைக் கூடுகளைச் செய்ய ஆள் வரும்வரை இந்த வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது.

அடுத்தது மருந்து. கார்டைட் கம்பி கடையில் கிடைக்காது. கிடைத்தது இன்றைய அமெரிக்க மருந்துகள், சீரகம் போலக் குட்டிக் குட்டித் துண்டுகளாக இருப்பவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்து மிஞ்சிப்போன 4831 என்ற மருந்தை ஹாட்ஜ்டன் என்பவர் அரசிடமிருந்து மொத்தமாக வாங்கி விற்றார். மெதுவாக எரியும் மருந்து அது. பெரிய கூட்டுக்கு நிறையப் போட வேண்டும், ஆகவே காலி இடம் அவ்வளவாக மிஞ்சாது. ஆனால் அதில் ஒரு செலவு இருக்கிறது. மருந்தும் வாயுவாகிக் குண்டின் பின்னாலேயே வெளியே பாய்கிறது இல்லையா? அதன் எடையும் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். அதிக மருந்து என்றால் அதே வேகத்துக்கு அதிக உதை. உதை மாறினால் குழல் திரும்பும் அளவும் மாறும். கொஞ்சம் வேகமாக எரியும் மருந்தைப் போட்டால் எடை குறையும், உதை குறையும், பழைய கார்டைட்டின் நடத்தைக்கு நெருங்கி வரும். ஆனால் கூட்டில் காலி இடம் பெரிதாகிவிடும்.

இந்த இடத்தில்தான் கம்பிக்கும் துண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் பிரச்சனையாகிறது. பாதி காலியான கூட்டில் துண்டு மருந்து உருண்டோடும். மரத்தின் மேல் பரணில் உட்கார்ந்து கீழே வரும் மிருகத்தைக் குறிவைத்தால் மருந்து முழுக்க குண்டுப் பக்கம் சரிந்துவிடும். யானையின் நெற்றியை நோக்கி முனையை உயர்த்தினால் எல்லாம் கேப் பக்கம் குவியும். சமமாகப் பிடித்தால் கூட்டின் தரையில் படுத்துக்கொள்ளும். கேப்பின் பொறி மேலாகவே பாய்ந்துபோகும். ஒரே தோட்டா, மூன்று விதமான பற்றல், மூன்று வேகம். ஒரே ஒரு வேகத்துக்காகப் பற்றவைத்த குழல்கள் இதற்கு என்ன செய்யும்? பற்றல் தாமதமாகி விசையை இழுத்த பிறகு கொஞ்சம் கழித்து வெடிப்பதும் உண்டு. இன்னும் மோசமானது, மெதுவாக எரியும் மருந்தைக் குறைவாகப் போட்டபோது அழுத்தம் திடீரென்று எகிறித் துப்பாக்கியே சிதறுவது. இதை ஆய்வுக்கூடத்தில் நினைத்தபோது நிகழ்த்திக் காட்டுவது கடினம் என்பதால் காரணத்தைப் பற்றி நிபுணர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

ஆக, மருந்தை அசையாமல் கேப்போடு ஒட்டிப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். லேசானதாக, நெகிழ்வதாக, எரிந்து போவதாக. திரும்பவும் கெட்டிக்கும் காலம் வந்துவிட்டது!

என்னென்னவோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பழைய கருமருந்துக்காரர்களின் பழக்கத்தில் மெழுகு தோய்ந்த கம்பளித் தக்கை போட்டவர்கள் உண்டு. டாய்லெட் பேப்பரைச் சுருட்டி வைத்தவர்களும் உண்டு. நமக்குச் சிரிப்பு வரக்கூடிய ஒன்று, உப்புமா ரவை. 'க்ரீம் ஆஃப் வீட்' என்று அமெரிக்காவில் காலைக் கஞ்சிக்கு விற்கும் அதே ரவைதான். (இலங்கைத் தமிழில் தோட்டாவுக்கே துப்பாக்கி ரவை என்று பெயர் இருப்பது தற்செயல்தான், ஆனால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.) நேரான கூட்டில், லேசான வேலைக்கு, ரவை பரவாயில்லை என்பார்கள். ஆனால் .470 போலக் கழுத்து ஒடுங்கிய கூட்டில் அது நெரிந்து கட்டியாகி, ஒடுங்கும் இடத்தில் அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். எடையும் அதிகம். அந்த எடை முழுக்கக் குண்டோடு சேர்ந்து கிளம்புகிறது, ஆகவே குழல்களின் கணக்கையும் கெடுக்கும். பெரிய இரட்டைக் குழலில் இதைப் போடுகிறவர்கள் ஏன் போடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்தது டாக்ரான். தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு. லேசு, மலிவு, எங்கும் கிடைக்கும். பிடிக்கவும் நன்றாகப் பிடிக்கும். குறை என்னவென்றால் அது எரிவதைவிட உருகுவதில்தான் ஆர்வம் காட்டும். தொடர்ந்து சுட்டுச் சூடான குழலில் பிசுக்காக ஒட்டியதாகப் புகார்கள் உண்டு.

அப்புறம்தான் நம் இலவம் பஞ்சு. நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த குழாய். மேலே மெழுகுப் பூச்சு, அதனால் ஈரம் ஏறாது. கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் இதைத்தான் ஒரு காலத்தில் அடைத்தார்கள். துப்பாக்கிக்காரனுக்கு வேண்டியதும் அதே குணங்கள்தான்: ஒரு சிட்டிகைப் பஞ்சு பெரிய இடத்தை அடைக்கும், எடையோ ஓரிரு கிரெய்ன்தான். பருத்தியைப் போல அமுங்கிக் கட்டியாகாமல் திரும்பத் திரும்ப உப்பி வந்து மருந்தை அழுத்திப் பிடிக்கும். சுட்டால் எரிந்து போகும், உருகி ஒட்டாது. சில சமயம் கனலும் துணுக்கு குழல் முனையிலிருந்து பறப்பதால் காய்ந்த புல்வெளியில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார்கள். மெத்தை தைப்பவர்களுக்கும் இது எப்படிப் பற்றும் என்று தெரியும்.

கடைசியாக நுரை. கட்டிட வேலையில் இடுக்குகளை அடைக்க விற்கும் நுரைக் குச்சியை அளவாக வெட்டி உள்ளே தள்ளுவார்கள். எல்லாத் துண்டும் ஒரே நீளம், ஒரே எடை என்பதால் பஞ்சைக் கிள்ளி நிறுக்கும் வேலை மிச்சம். கைனாக் என்ற பழைய பெயரை வாங்கி 1990-களில் இங்கிலாந்தில் இந்தத் தோட்டாக்களை மறுபடி செய்யத் தொடங்கிய கைனாம்கோ கம்பெனியும் இன்றைய மருந்தோடு நுரைத் தக்கையைத்தான் பயன்படுத்துகிறது.

எதைப் போட்டாலும் ஒரு விதி பொது. போட்டது மருந்து முதல் குண்டு வரை இடம் முழுவதையும் நிரப்ப வேண்டும். மருந்துக்கு மேல் மட்டும் சின்னத் தக்கையாக வைத்துவிட்டு, அதற்கும் குண்டுக்கும் நடுவே காற்றை விட்டால், வெடித்த வேகத்தில் தக்கை பறந்து வந்து அசையாமல் நிற்கும் குண்டின் அடியில் மோதும். மோதிய இடத்தில் குழலின் உட்சுவரில் வளையம் போலப் புடைத்துவிடும். ஒரே தடவை போதும், அந்தக் குழல் கெட்டது கெட்டதுதான். கருமருந்துக்காரன் இடைவெளிக்குப் பயந்த அதே பயம், மருந்து மூன்று தடவை மாறிய பிறகும்!

இன்னொன்று, நிரப்பும் பொருளையும் மருந்தின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். பஞ்சு வைத்தால் மருந்து சீராகப் பற்றும், அழுத்தமும் வேகமும் சற்று ஏறும். ஆகவே பஞ்சு இல்லாமல் சரியாக இருந்த அளவு, பஞ்சு வைத்ததும் சரியாக இருக்காது. கவனமானவர்கள் அரைக் கிரெய்ன், ஒரு கிரெய்ன் என்று பஞ்சையும் தராசில் நிறுக்கிறார்கள். வேகம் அளக்கும் கருவியை முன்னால் வைத்து, பழைய 2150 அடி வருகிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு காகிதத்தில் வலது, இடது, வலது, இடது என்று நான்கு குண்டு. துளைகள் விலகினால் வேகம் போதவில்லை, குறுக்கே மாறி விழுந்தால் அதிகம். நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு தொழிலாளி ஆப்பை நகர்த்தி நகர்த்திப் பற்றவைத்த இடத்துக்கு மருந்தும் பஞ்சும் வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப நிறுத்து, நிரப்பி, சுட்டுப் பார்க்கிறார்கள்.